வீட்டுச் சங்கும் ஏலக்கூடச் சங்கும்: சிப்பிப் பொருள்களை வரலாற்றுச் சான்றாகப் படிப்பது எப்படி?



நம்ம சாஆ கடலோர ஊர் இல்ல. லாபிஸுக்கும் யோங் பெங்குக்கும் நடுவில், செம்பனைக்கும் ரப்பருக்கும் மத்தியில் இருக்கும் உள்நாட்டுப் பட்டணம். இருந்தாலும் இங்குள்ள பழைய தமிழ்க் குடும்பங்களில் விசாரிச்சுப் பாருங்க. சாமி அலமாரியில் ஒரு சங்கு இருக்கும். கைக்குழந்தைக்குப் பால் புகட்டிய சின்ன வெள்ளிச் சங்கு பீரோவில் இருக்கும். கோயிலில் அபிஷேகத்துக்கு ஒன்று, துக்க வீட்டில் சேகண்டியோடு சேர்த்து ஊதுவதற்கு ஒன்று. பிறந்த அன்றிலிருந்து போகும் நாள் வரை கூடவே வரும் பொருள் இது.

பிள்ளைகளைக் கேட்டால், "சாவுக்கு ஊதுறது, சார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே சமயம், பழைய சாமான் வாங்குபவர்களும் ஏலக்காரர்களும் இந்தப் பொருளை வேறு கண்ணால் பார்க்கிறார்கள். ஒரு பக்கம் தாத்தா காலத்துச் சங்கு சொற்ப விலைக்குக் கைமாறிப் போகிறது. இன்னொரு பக்கம் "வலம்புரி" என்று சொல்லி எதையோ ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு விற்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: சங்கின் வரலாறு நமக்குத் தெரியவில்லை. அதைக் கொஞ்சம் ஒழுங்காகப் பார்த்துவிடுவோம்.

1. சங்கு எந்தக் கடலில் கிடைத்தது?

நாம் பூசைக்கு வைக்கும் சங்கின் அறிவியல் பெயர் டர்பினெல்லா பைரம். தென்னிந்தியாவையும் இலங்கையையும் சுற்றிய கடல்தான் இதற்குப் பேர்போன இடம். குறிப்பாக, மன்னார் வளைகுடா. தூத்துக்குடி, கீழக்கரை, இராமேஸ்வரம் ஆகிய ஊர்களின் பெயர் முத்தோடும் சங்கோடும் சேர்ந்தே வருவது இதனால்தான்.

இதன் வரலாறு மிகப் பழமையானது. குஜராத்தில் உள்ள நாகேஷ்வர் சிந்துவெளி நாகரிகக் காலத்துச் சங்கு வேலை நடந்த இடம். அங்கே அறுத்த சங்கும் கழிவும் ஏராளமாகக் கிடைத்தன. தமிழ்நாட்டில் 1968-69-இல் கொற்கையில் நடந்த அகழாய்விலும் சங்குப் பொருள்கள் கிடைத்தன. கீழடியிலும் சங்கு வளையல் துண்டுகள் கிடைத்துள்ளன.

இலக்கிய மாணவர்கள் இங்கே ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அகநானூற்றின் 24-ஆம் பாடல், ஆவூர் மூலங்கிழார் பாடியது. அதில் வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் அரத்தால் சங்கை அறுத்து வளையல் எடுக்கிறான். வளையல்களை எடுத்த பிறகு மிஞ்சுகிற நுனித் துண்டு எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறதாம் இன்னும் விரியாத பகன்றை மொட்டு. யோசிச்சுப் பாருங்க. புலவர் உவமைக்கு எடுத்தது வளையலை அல்ல, கழிவுத் துண்டை! பட்டறையைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் இப்படித் தோன்றும். இன்றைக்கு அகழாய்வாளர்கள் ஓர் இடத்தைச் சங்குப் பட்டறை என்று முடிவு செய்வதும் இதே கழிவுத் துண்டுகளை வைத்துத்தான். இலக்கியச் சான்றும் தொல்லியல் சான்றும் கைகோக்கும் அருமையான எடுத்துக்காட்டு இது.

"வளை" என்ற சொல்லுக்கே சங்கு, கைவளையல் என்று இரண்டு பொருளும் உண்டு. பொருள் எதிலிருந்து செய்யப்பட்டது என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. கோடு, நந்து, பணிலம் ஆகியவையும் சங்கின் பெயர்களே.

2. மூழ்கியவர் தமிழர், அணிந்தவர் வங்காளப் பெண்கள்

சங்கு எடுப்பது சுலபமான வேலை இல்லை. பரதவரும் முஸ்லிம் குளியாட்களும் மூச்சை அடக்கிக் கடலுக்கு அடியில் போய், மணலில் பாதி புதைந்திருக்கும் சங்கைத் தேடி எடுத்தார்கள். கரைக்கு வந்த சங்கை வட்டத் துளையிட்ட பலகையில் வைத்து அளப்பார்கள். துளை வழியே நழுவி விழும் அளவுக்குச் சிறியது என்றால், அதை மறுபடியும் கடலிலேயே விட்டுவிட வேண்டும். இப்போது நாம் "வளம் பேணுதல்" என்று பாடத்தில் படிப்பது, அப்போதே நடைமுறையில் இருந்த ஒன்று.

எடுத்த சங்கில் பெரும்பகுதி வங்காளத்துக்குப் போனது. அங்கே திருமணமான இந்துப் பெண்கள் அணியும் வெள்ளை வளையல் 'சாங்கா' சங்கில் அறுத்தது. நமக்குத் தாலி எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. டாக்காவில் இன்றும் சாங்காரி பஜார் என்று ஒரு தெரு இருக்கிறது. சாங்காரி என்றால் சங்கு அறுப்பவர். பிறை வடிவ இரும்பு வாளால், உட்கார்ந்த இடத்திலேயே கையால் அறுப்பார்கள். ஒரு சங்கிலிருந்து கிடைப்பது ஒரு சில வளையங்கள்தான்.

இந்த வியாபாரத்தில் லாபம் இருந்ததால் ஆட்சிகளும் விடவில்லை. 1658-இல் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தபோது, முத்துக்குளிப்போடு சங்குக் குளிப்பும் அவர்கள் கைக்குப் போனது. அப்புறம் ஆங்கிலேயர். எஸ்.பி.எம். வரலாறு படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருங்க. 1824-ஆம் ஆண்டு ஆங்கில-டச்சு ஒப்பந்தத்தைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஜோகூர்-ரியாவ் அரசை இரண்டாகப் பிரித்தது, மலாக்காவை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தது என்று எழுதுவீர்கள். அதே ஒப்பந்தத்தில்தான் இந்தியாவில் டச்சுக்காரர் வைத்திருந்த இடங்களும் ஆங்கிலேயருக்குப் போயின. தூத்துக்குடி 1825-இல் கைமாறியது. ஜோகூரின் தலையெழுத்தை மாற்றிய அதே காகிதம், மன்னார் வளைகுடாச் சங்குக்கும் எஜமானரை மாற்றியது.

சென்னை மாகாணத்தில் முத்து, சங்கு மீன்பிடிப்பை மேற்பார்த்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கில அதிகாரி, 1914-இல் இந்தியாவின் புனிதச் சங்கைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். கடலடி முதல் வளையல் கடை வரை அதில் பதிவாகியிருக்கிறது. சங்கு வரலாற்றை ஆராய்பவர்கள் இன்றும் அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

3. வலம்புரியா, இடம்புரியா?

ஏலத்திலும் கடையிலும் அதிகக் காசு புரள்வதும், அதிக ஏமாற்று நடப்பதும் இந்த விஷயத்தில்தான். அதனால் நிதானமாகப் படியுங்கள்.

ஒரு சங்கை வாய் உங்களைப் பார்த்தபடி கையில் எடுங்க. நீர் ஊற்றும் கூர்மூக்கு மேலே இருக்கட்டும், சுருள் முடியும் தலைப்பகுதி கீழே இருக்கட்டும். வாய் இடப்பக்கம் இருந்தால் இடம்புரி. வலப்பக்கம் இருந்தால் வலம்புரி. சாதாரணமாகக் கிடைப்பது எல்லாம் இடம்புரிதான். வலம்புரி அபூர்வப் பிறவி. ஆயிரம் இடம்புரிக்கு ஒரு வலம்புரி, ஆயிரம் வலம்புரிக்கு ஒரு சலஞ்சலம், ஆயிரம் சலஞ்சலத்துக்கு ஒரு பாஞ்சசன்னியம் என்று நம் நிகண்டு மரபு அடுக்கிக்கொண்டு போவதும் இந்த அபூர்வத்தைச் சொல்லத்தான்.

விலங்கியல் புத்தகத்தில் பார்த்தால் தலைகீழாக இருக்கும். அவர்கள் சுருள் தலையை மேலே வைத்துப் பார்க்கிறார்கள். அதனால் நம்முடைய இடம்புரியை "வலச்சுருள்" என்றும், வலம்புரியை "இடச்சுருள்" என்றும் சொல்வார்கள். இருவர் சொல்வதும் சரிதான், பிடித்துப் பார்க்கும் விதம்தான் வேறு. மாணவர்கள் குழம்பும் இடம் இது. கையில் ஒரு சங்கைக் கொடுத்துத் திருப்பிக் காட்டினால் ஒரே நிமிஷத்தில் புரிந்துவிடும்.

இனி ஏமாற்றைப் பார்ப்போம். அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வேறு ஓர் இனம் உண்டு. அது பிறவியிலேயே வலம்புரி போலச் சுருள்வது, தாராளமாகவும் கிடைப்பது. அதைச் சுத்தம் செய்து, பளபளப்பாக்கி, "வலம்புரிச் சங்கு" என்று விற்கிறார்கள். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சங்கின் வாய்க்குள், நடுத்தண்டைப் பாருங்க. உண்மையான இந்தியச் சங்கில் மூன்று நான்கு மடிப்புகள் வரிசையாகத் தெரியும். அமெரிக்க இனத்தில் அந்த மடிப்பு வரிசை இருக்காது. காதில் வைத்தால் ஓம் என்று கேட்கிறது என்பார்கள். எந்தக் கிளிஞ்சலைக் காதில் வைத்தாலும் இரைச்சல் கேட்கும். அது சோதனையே இல்லை. சேமிப்பை எல்லாம் போட்டு வாங்கி, வீட்டில் வைத்துக் கும்பிட்டு, அப்புறம் தெரிய வந்தால் மனசு என்ன பாடுபடும்? நமக்குத் தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்லிவைப்பது நல்லது.

திருப்பிப் பார்த்தால் மாறும் இந்தச் சுருளில் உலகப் புகழ் ஓவியர் ரெம்ப்ராண்ட் சம்பந்தப்பட்ட செய்தியும் உண்டு. 1650-இல் அவர் ஒரு கூம்புச் சிப்பியைச் செப்புத் தகட்டில் வரைந்தார். அச்சிடும்போது படம் இடவலமாக மாறும். தன் கையெழுத்தை அவர் முன்கூட்டியே திருப்பி எழுதியதால் அது நேராக வந்தது. சிப்பியைத் திருப்பி வரையவில்லை. அதனால் அச்சில் அது இயற்கைக்கு மாறான திசையில் சுருள்கிறது. ஒரு ஓவியத்தைக்கூட "அப்படியே உண்மை" என்று எடுக்காமல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

4. ஐரோப்பிய அலமாரியில் ஆசியக் கடல்

ரெம்ப்ராண்ட் வரைந்த சிப்பி நம்முடைய இந்து-பசிபிக் கடல் பக்கத்தது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் கப்பல்கள் இந்தப் பக்கத்துச் சிப்பிகளைக் கொண்டுபோனபோது, ஐரோப்பியச் செல்வந்தர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். நாட்டிலஸ் ஓட்டுக்கு வெள்ளிக் கால் வைத்துக் கிண்ணமாக்கினார்கள். குஜராத்தில் முத்துச்சிப்பி ஓட்டுத் தகடு பதித்துச் செய்த பெட்டிகளும் தட்டுகளும் அரண்மனைகளுக்குப் போயின. அவை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, ஏலத்துக்கும் வருகின்றன. வங்காளத்தில் பாலர் காலத்தில், 11-12-ஆம் நூற்றாண்டில், திருமாலும் திருமகளும் செதுக்கப்பட்ட அபிஷேகச் சங்கு ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அபூர்வம் என்பது நிலையில்லாதது என்பதையும் சிப்பிகள் கற்றுக்கொடுக்கின்றன. "கடலின் மகிமை" என்று பெயர் பெற்ற ஒரு கூம்புச் சிப்பி, சுமார் இரண்டு நூற்றாண்டுகள் உலகிலேயே விலை உயர்ந்த சிப்பிகளில் ஒன்றாக இருந்தது. 1969-இல் சாலமன் தீவுகளின் குவாடல்கனால் அருகே மூழ்கியவர்கள் அதன் வாழிடத்தைக் கண்டுபிடித்தார்கள். விலை சரிந்துவிட்டது. இத்தனைக்கும் சிப்பியின் அழகில் ஒரு மாற்றமும் இல்லை.

5. சிப்பிக் கடையிலிருந்து எண்ணெய்க் கப்பல்

பெட்ரோல் நிலையத்தில் மஞ்சள் சிவப்புச் சிப்பிச் சின்னத்தைப் பார்க்காதவர் இல்லை. அது ஏன் சிப்பி? இலண்டனில் பழம்பொருள் வியாபாரம் செய்துவந்த மார்க்கஸ் சாமுவேல் என்பவர் 1833-இல் கீழ்த்திசைச் சிப்பிகளையும் இறக்குமதி செய்து விற்க ஆரம்பித்தார். வீட்டு அலங்காரத்துக்கு அப்போது அதற்கு நல்ல கிராக்கி. அவருடைய மகனும் அதே பெயருடையவர். அவர் மண்ணெண்ணெய் வியாபாரத்தில் இறங்கினார். 1892-இல் அவருடைய 'மியூரெக்ஸ்' கப்பல் கருங்கடல் கரையின் பாத்துமியில் மண்ணெண்ணெய் ஏற்றி, சூயஸ் கால்வாயைத் தாண்டிச் சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் வந்தது. மியூரெக்ஸ் என்பதும் முள்ளுள்ள ஒரு சங்கினத்தின் பெயர்தான். மற்றக் கப்பல்களுக்கும் சிப்பிப் பெயர்களே. 1897-இல் நிறுவனத்துக்கு 'ஷெல்' என்ற பெயர் வந்தது. 1904-இல் விசிறி வடிவச் சிப்பி சின்னமானது. 1910-இல் சரவாக்கின் மிரியில் முதல் எண்ணெய்க் கிணற்றைத் தோண்டியதும் இந்தக் குழுமமே. பழம்பொருள் கடையின் அலமாரிக்கும் மிரி எண்ணெய்க் கிணற்றுக்கும் இடையில் ஒரு சிப்பியின் பெயர் நிற்கிறது.

6. சோழி, பல்லாங்குழி, சொங்காக்

சோழி ஒரு காலத்தில் காசு. மாலைத்தீவிலிருந்து வங்காளத்துக்கு மூட்டை மூட்டையாகப் போனது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சில்ஹெட் பகுதியில் நிலவரியைக்கூடச் சோழியாகவே வாங்கினார்கள். கணக்கு இப்படி: 4 சோழி ஒரு கண்டா, 20 கண்டா ஒரு பணம், 16 பணம் ஒரு காகண், 4 காகண் ஒரு ரூபாய். பெருக்கினால் ஒரு ரூபாய்க்கு 5,120 சோழி. கணித ஆசிரியர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பியக் கப்பல்கள் இதே சோழியை மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் மனிதர்களை அடிமைகளாக வாங்கின. அழகான பொருளுக்குப் பின்னால் அழகில்லாத வரலாறும் உண்டு.

நம்ம நாட்டில் 1989-இல் வந்த இரண்டாம் வரிசை நாணயங்களில் பத்துக் காசைத் தேடிப் பாருங்க. அதில் சொங்காக் பலகை இருக்கும். மலாய்க்காரர் சோழியும் கொட்டையும் போட்டு ஆடும் சொங்காக்கும், நம் பாட்டிமார் சோழியோ புளியங்கொட்டையோ போட்டு ஆடிய பல்லாங்குழியும் ஒரே விளையாட்டுக் குடும்பம். பழைய மரச் சொங்காக் பலகைகள் இன்று சேகரிப்பாளர்கள் தேடும் பொருள். வீட்டு மூலையில் கிடக்கும் பல்லாங்குழிப் பலகைக்கு அந்த மதிப்பை நாம் கொடுத்திருக்கிறோமா?

7. சின்னமாகச் சங்கு

குறைந்த செலவில் சேகரிக்க ஆசைப்படும் மாணவர்களுக்குத் திருவிதாங்கூர் தபால்தலை நல்ல தொடக்கம். சங்குதான் அந்தச் சமஸ்தானத்தின் சின்னம். 1888-இல் வெளிவந்த அதன் முதல் 'அஞ்சல்' தபால்தலைகளில் சங்குப் படம். விலை சக்கரக் கணக்கில்: 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய், 16 காசு ஒரு சக்கரம். 1956 வரை நாகர்கோவில் வட்டாரமும் அந்த ஆட்சிப் பகுதியோடுதான் இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வந்த குடும்பங்களுக்கு இந்தத் தபால்தலை பூர்வீக ஊரின் சான்று.

சிலைகளில் சங்கு காலத்தைச் சொல்லும். பல்லவர் காலத் திருமால் சிலைகளில் சங்கும் சக்கரமும் பெரும்பாலும் வெறுமனே இருக்கும். சோழர் காலத்திலும் பிறகும் அவற்றில் தீச்சுடர் சேர்கிறது. கைவிரலில் பிடித்திருக்கும் விதமும் மாறுகிறது. ஏல நிறுவனத்தின் நிபுணர் பார்ப்பதும் இத்தகைய சின்ன விவரங்களைத்தான்.

8. மதிப்பு எங்கே இருக்கிறது?

மேலே பார்த்ததை எல்லாம் சேர்த்தால், ஒரு சிப்பிப் பொருளின் மதிப்பு மூன்று இடத்திலிருந்து வருவது தெரியும். ஒன்று, இயற்கையின் அபூர்வம். இது எப்போது வேண்டுமானாலும் சரியலாம். இரண்டு, கைவேலை. மூன்று, பதிவு: யாரிடம் இருந்தது, எப்போது வந்தது, எதற்குப் பயன்பட்டது. ஏலக்கூடத்தில் ஒரே மாதிரி இரண்டு பொருள் வந்தால், பதிவு உள்ளதற்கே மதிப்பு கூடுதல்.

சட்டமும் இதையே கேட்கிறது. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டைத் தாண்டிய கலைப்பொருள்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. நம் நாட்டில் தேசியப் பாரம்பரியச் சட்டம் 2005 இருக்கிறது. நாட்டிலஸ் ஓட்டின் உலக வாணிகமும் 2017 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. "பழைய சங்கு, ஊரிலிருந்து வந்தது" என்று யாராவது விற்றால், எந்த ஆண்டு, யார் மூலம், என்ன தாள் இருக்கிறது என்று கேளுங்கள்.

நம் தோட்டத்துக் குடும்பங்களில் குறைந்துபோவது அந்த மூன்றாவது மதிப்புதான். லயத்தை விட்டுக் குடும்பம் வெளியேறியபோது, தோட்டக் கோயில் இடம் மாறியபோது, சங்கு வந்துவிட்டது, கதை வரவில்லை. தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது கொண்டுவந்ததா, இங்கே வாங்கியதா, எந்தத் திருவிழாவில் ஊதினார்கள் என்பதெல்லாம் வயசானவர்கள் மனசில் மட்டும் இருக்கிறது. அவர்கள் போய்விட்டால் அது வெறும் ஓடு. எந்த ஏலக்காரரும் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

1. மாணவர் ஒவ்வொருவரும் வீட்டில் உள்ள சங்கு, சோழி, பல்லாங்குழி, பழைய நாணயம் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். நீளம், எடை, நிறம், உடைசல் ஆகியவற்றைக் குறித்துப் படம் எடுக்கட்டும்.

2. வீட்டுப் பெரியவரிடம் ஐந்து கேள்விகள் கேட்கட்டும்: இது யாருடையது? எங்கிருந்து வந்தது? எப்போது? எதற்குப் பயன்பட்டது? கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள்? பதிலை அவர் பேசிய மொழியிலேயே எழுதவேண்டும், திருத்தக் கூடாது.

3. பொருள் முதன்மைச் சான்று. பெரியவர் நேரில் கண்டதைச் சொன்னால் அதுவும் முதன்மைச் சான்று. கேள்விப்பட்டதைச் சொன்னால் அதைத் தனியாகக் குறிக்கவேண்டும். இந்த வேறுபாட்டை மாணவர் தாங்களே பிரித்துக் காட்டட்டும்.

4. உயர்நிலை வினா: "1824-ஆம் ஆண்டு ஆங்கில-டச்சு ஒப்பந்தம் மலாய்த் தீவுக்கூட்டத்தை மட்டும் பாதித்தது எனக் கூறலாமா? தூத்துக்குடிச் சங்கு வாணிகத்தைக் கொண்டு விளக்குக."

ஒரு வகுப்பில் இருபது மாணவர் இதைச் செய்தால் இருபது பொருளுக்குப் பதிவு கிடைத்துவிடும். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் போதும். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகள் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போகும் முன்பே கேள்வித்தாளைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.